மரக்குதிரையின் பூர்வீகம்

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் வருஷந்தோறும் குதிரை ராட்டினம் போடுகிறார்கள். இம்முறை என் பேத்தி இறங்க மனமில்லாமல் இறங்கி வந்து, "எல்லாம் ஏன் தாத்தா குதிரையாகவே இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இது ஆதியில் ஐரோப்பிய ராஜாக்களின் விளையாட்டு என்று எப்போதோ படித்த ஞாபகம். அது மெய்தானா?
— ஒரு வாசகர்

பதில்: மெய்தான். தங்கள் பேத்தி கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள். ஏனெனில் அந்த ராட்டினத்தில் குதிரைதான் முதல், சுழற்சி பின்னால் வந்து சேர்ந்தது.

1559-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், தம் புதல்வி, சகோதரி ஆகிய இருவரின் விவாகங்களை ஒட்டிப் பாரிஸ் நகரில் நடந்த ஈட்டிப் போர் விளையாட்டில், பிரான்ஸ் தேசத்து மன்னர் இரண்டாம் ஹென்றி தாமே குதிரையேறிக் களம் புகுந்தார். எதிரே வந்த வீரரின் ஈட்டி மோதி முறிந்தது. அதன் சிம்பு ஒன்று மன்னரின் தலைக்கவசத்துக்குள் புகுந்து கண்ணருகே பாய்ந்தது. பத்து நாள் வேதனைப்பட்டு அவர் உயிர் நீத்தார். மங்கல வைபவம் மரணத்தில் முடிந்த அந்தத் துயரத்துக்குப் பின், மனிதன் மீது மனிதன் ஈட்டி பாய்ச்சும் கேளிக்கை அந்த அரசவையில் மதிப்பிழந்தது. அதன் இடத்தைப் பிடித்தவற்றுள் ஒன்று, கம்பத்தில் தொங்கும் சிறு வளையமொன்றை, நாலுகால் பாய்ச்சலில் வந்தபடியே, ஈட்டி முனையில் கோத்துக்கொண்டு போகும் வித்தை.

இந்த வித்தையை மகோன்னத நிலைக்கு உயர்த்தியவர் பதினான்காம் லூயி. பட்டத்து இளவரசர் பிறந்த மகிழ்ச்சியைக் கொண்டாட, 1662 ஜூன் மாதத் தொடக்கத்தில், லூவ்ரு, தூய்லரி அரண்மனைகளுக்கு இடையே இருந்த வெளியில் அவர் நடத்திய பெருவிழாவில் ஐந்து அணிகள் இறங்கின. ரோமானியர் வேஷத்தில் வந்த அணிக்கு இருபத்துமூன்று வயது மன்னரே தலைவர்; பாரசீகர் அணிக்கு அவர் தம்பி; துருக்கியர், இந்தியர், அமெரிக்கர் என்று வேஷம் புனைந்த மற்ற அணிகளுக்குப் பெருங்குடிப் பிரபுக்கள் மூவர். பின்னாளில் உலகமே அவரோடு சேர்த்து நினைத்த சூரிய சின்னத்தை அன்றுதான் மன்னர் கேடயத்தில் தாங்கி வந்தார். அந்த விழாவுக்கு 'கரூசல்' என்று பெயர். நம் குதிரை ராட்டினத்தையும் மேல்நாட்டார் இன்றுவரை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். பாரிஸில் அந்த வெளிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

விழா என்றால் ஒத்திகை வேண்டுமல்லவா? வளையத்தில் ஈட்டி கோக்கும் பயிற்சிக்காக, நடுவே ஒரு கம்பத்தை நட்டு, அதிலிருந்து நீளும் கைமரங்களின் நுனியில் மரக்குதிரைகளைப் பொருத்தி, ஏவலாட்களைக் கொண்டோ, செக்கு மாட்டைப்போல் சுற்றிவரும் பிராணியைக் கொண்டோ சுழற்றினார்கள். மரக்குதிரை மீதமர்ந்த வாலிபப் பிரபு ஒவ்வொரு சுற்றிலும் வளையத்தைக் குறி பார்த்தான். பயிற்சிக்கென்று பிறந்த யந்திரம் நாளடைவில் தானே விளையாட்டாகிவிட்டது. ஜெர்மனியில் ஹானவ் நகருக்கு அருகே வில்ஹெல்ம்ஸ்பாத் என்னுமிடத்தில், 1780-ஆம் ஆண்டளவில் ஓர் இளவரசர் கட்டுவித்த ராட்டினம் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது. அதைச் சுழற்றும் பொறி பார்ப்பவர் கண்ணில் படாமல் தரைக்கடியில் மறைந்திருக்கிறது. பொதுஜனங்களின் சந்தைகளுக்கு இது பரவியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நீராவி பூட்டப்பெற்று, குதிரைகள் ஏறியிறங்கிப் பாய்வது போல் அமைக்கப்பட்டதும் பிற்காலக் கதை.

தங்கள் பேத்திக்குச் சொல்ல இன்னொரு சங்கதியும் உண்டு. பிரான்ஸ் முதலிய நாடுகளில் ராட்டினம் இடஞ்சுழியாகவே சுற்றும். அப்போதுதான் சவாரி செய்பவரின் வலக்கை, ஈட்டி பிடிக்கும் கை, வெளிப்புறமாக இருக்கும். இங்கிலாந்தில் மட்டும் வலஞ்சுழி. குதிரைக்கு இடப்புறமாக ஏறுவதே மரபாதலின், அந்தப் பக்கம் வெளியே இருப்பது அவர்களுக்கு உசிதமாகப் பட்டது.

ஈட்டி போய்விட்டதே என்று நான் எண்ணியதுண்டு. ஆனால் பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டத்து ராட்டினத்தில் அது முற்றும் போய்விடவில்லை. வெளி வரிசையில் அமரும் குழந்தைகளின் கையில் சிறு கோல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். ராட்டினம் சுழலச் சுழல, ஓரத்தில் நிற்கும் பணியாளர் நீட்டிய மரப்பிடியின் முனையில் ஒரு வளையம் தொங்குகிறது. குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கோலை நீட்டுகிறது. வளையம் கழன்று கோலில் வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரை வந்து நிற்கிறது. அதற்குள் அடுத்த வளையம் தயார்.