உடம்பை இறுக்கும் ஷூவா? வாங்கும் முன் சோதித்துப் பார்க்கும் முறை

‘நடந்தால் போதும், தொடை இறுகும், இடுப்பு இளைக்கும்’ என்று விளம்பரம் செய்யும் ஷூக்களுக்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், விளம்பர வாசகத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘புத்துணர்வு’, ‘உற்சாகம்’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள், அவற்றை அளக்க வழியில்லை. மிஞ்சுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதுங்கள்: எதை அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம்? எவ்வளவு காலம்?

இந்தக் கேள்விகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரீபோக்கின் ஈஸிடோன் நல்ல உதாரணம். 2009-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இந்த ஷூவின் குதிகாலுக்கு அடியிலும் முன்பாதத்துக்கு அடியிலும் காற்றடைத்த புடைப்புகள் இருந்தன. பாதம் லேசாகத் தடுமாறும், அதைச் சமாளிக்கத் தசைகள் கூடுதலாக உழைக்கும் என்பது கணக்கு. சாதாரண நடை ஷூவைவிடப் பிட்டத் தசைக்கு 28 சதவீதமும், தொடையின் பின்தசைக்கும் கெண்டைக்காலுக்கும் தலா 11 சதவீதமும் கூடுதல் வலு கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011 செப்டம்பரில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 2.5 கோடி டாலர் ஒதுக்க நிறுவனம் சம்மதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்கெச்சர்ஸின் முறை. அடிப்பாகம் வளைந்த ஷேப்-அப்ஸ் உள்ளிட்ட ஷூக்களுக்காக 4 கோடி டாலர். கிம் கர்தாஷியன் நடித்த அதன் விளம்பரம் 2011 சூப்பர் பவுல் போட்டியின்போது ஒளிபரப்பானது. இரண்டு நிறுவனங்களும் குற்றச்சாட்டை ஏற்காமல் சமரசத்துக்குத்தான் வந்தன. ஆனால் அந்த 28 சதவீதத்தை இனி யாரும் நம்பத் தேவையில்லை.

அடுத்து, எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, நடக்கும்போது தசையில் எழும் மின்சமிக்ஞையைப் பதிவு செய்வது வழக்கமான முறை. அந்தச் சமிக்ஞை ஒரு கணம் உயர்ந்ததால் மட்டும் தசை வலுத்துவிட்டது என்று ஆகாது. வலு ஏறியதா என்று அறிய வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். தவிர, அந்த உயர்வே எல்லா ஆய்வுகளிலும் தெரிவதில்லை. 2010-இல் அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் ஓர் ஆய்வு நடத்தச் செய்தது. ஷேப்-அப்ஸ், ஈஸிடோன், அதே வகை ஷூவான எம்பிடி ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண ஓட்ட ஷூவையும் போட்டுக்கொண்டு இளம்பெண்கள் ட்ரெட்மில்லில் நடந்தார்கள். 12 பேரிடம் ஆக்சிஜன் செலவும் இதயத் துடிப்பும், வேறு 12 பேரிடம் தசைச் செயல்பாடும் அளக்கப்பட்டன. சாதாரண ஷூவோடு ஒப்பிட்டபோது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதிலும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் விளம்பரம் சொன்ன அளவுக்குப் பலன் இருந்திருந்தால் கொஞ்சமாவது தென்பட்டிருக்கும்.

பிறகு, ஆய்வைச் செய்தவர் யார் என்று தேடுங்கள். ஷேப்-அப்ஸ் விளம்பரத்தில் பரிந்துரை சொன்ன ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்), அந்த நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரியை மணந்தவர் என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. அதற்காக நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நைக்கியின் வேப்பர்ஃப்ளை ஓட்ட ஷூ ஆற்றல் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைக்கிறது என்று 2017-இல் வெளியான ஆய்வுக்கும் நைக்கிதான் பணம் கொடுத்தது. பின்னர் வேறு ஆய்வுக்கூடங்களிலும் ஏறக்குறைய அதே முடிவு வந்தது. ஆகவே, வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

உங்கள் தேவை என்ன என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். வேப்பர்ஃப்ளை போன்றவை உழைப்பைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. மாரத்தான் ஓடுபவருக்கு அது வரம், எடை குறைக்க நடப்பவருக்கு அதில் லாபமில்லை. தசை வலுக்க வேண்டுமென்றால் அதன்மேல் விழும் சுமை படிப்படியாகக் கூட வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்கால் அங்கேயே இறுகுவது தெரியும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு வசதியான சாதாரண ஷூ போதும்.

கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஷூவைச் சமதளத்தில் வைத்து முன்நுனியை விரலால் அழுத்துங்கள். தொட்டில்போல் ஆடினால் அடிப்பாகம் வளைந்தது என்று பொருள். பிறகு இரு கையாலும் மடக்கிப் பாருங்கள், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். இரண்டு காலிலும் போட்டு, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நில்லுங்கள், கணுக்கால் இரு பக்கமும் ஆடினால் கழற்றிவிடுங்கள். முதியவர்களும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும், கணுக்காலில் அடிபட்டவர்களும் பாதத்தைத் தடுமாற வைக்கும் இத்தகைய ஷூவை மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. அதேசமயம், கால் பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கும் வளைந்த அடிப்பாகத்தை மருத்துவர்களே எழுதித் தருவதுண்டு. அது முன்பாதத்தின் அழுத்தத்தைக் குறைப்பதற்கு. இடுப்பு இளைக்க அல்ல.

வாங்கிவிட்டீர்கள் என்றால் பில்லையும், பெட்டியையும், விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது பொய் என்று தெரிந்தால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க முடியும். புகாரில், முதலில் தாளில் எழுதிய அந்த வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேருங்கள்.