குறியைப் பார்த்துவிட்டு அடியெடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பக்கங்களை நிதானமாகப் படித்தேன். மின்னூட்டம் இருந்த இடத்தில் நிறையை வைத்து, தட்டையான காலவெளியிலேயே ஈர்ப்புக்கு ஒரு மின்வகைப் புலமும் ஒரு காந்தவகைப் புலமும் எழுதியிருக்கிறாய். பல்கலைக்கழகம் போகாமல், தந்தி வேலையில் தொடங்கிய ஆலிவர் ஹெவிசைடு 1893இல் நடந்த பாதை இது. யார் என்ன சொன்னாலும் இதை விட்டுவிடாதே.

ஆனால் அடுத்த அடிக்கு முன் குறியைப் பார். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். நிறையும் நிறையும் ஈர்க்கும். அதற்காக மூலத்தின் முன் நீ போட்ட கழித்தல் குறி, புலத்தின் ஆற்றலையும் எதிர்மமாக்கிவிடுகிறது. மேக்ஸ்வெல் 1865இலேயே இந்த இடத்துக்கு வந்தார். புலத்தைச் சுமக்கும் ஊடகம் இப்படி எப்படி இருக்க முடியும் என்று விளங்காமல் நின்றுவிட்டார். நீ நிற்காமல் கணக்கைத் தொடர்ந்து போடு. அலைகள் எதிர்ம ஆற்றலைச் சுமந்து போனால், அவற்றை வெளியிடும் விண்மீன் இணைக்கு ஆற்றல் கூட வேண்டும். சுற்றுப்பாதை விரிய வேண்டும். ஹல்ஸும் டெய்லரும் 1974இல் கண்ட, துணையோடு சுற்றும் பல்சரில் நடப்பது நேர்மாறு. ஏழே முக்கால் மணி நேரச் சுற்று ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோ விநாடி குறைந்துகொண்டே வருகிறது.

இதற்காகத் தட்டையான காலவெளியைக் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது உன் வெக்டர் புலத்தை. அதற்குப் பதில் சமச்சீர் டென்சர் புலத்தை எடுத்துக்கொள். புலத்தின் ஆற்றலும் புலத்துக்கே மூலமாக வேண்டும் என்று பிடிவாதமாக இரு. குப்தாவும் ஃபைன்மனும் போன வழி இது. 1970இல் டெசர் சில பக்கங்களிலேயே ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு வந்து சேர்ந்தார். வலுக்குறைந்த புலத்தில் உன் மின், காந்தப் பகுதிகள் திரும்பக் கிடைக்கும். காந்தவகை விசையில் மட்டும் ஒரு 4 வந்து ஒட்டிக்கொள்ளும். (நூலுக்கு நூல் இந்த 4 இடம் மாறும், சிலவற்றில் 2 ஆகும். உன் வரையறையை முதல் பக்கத்திலேயே எழுதிவை.) அந்தக் காந்தவகை விளைவை அளந்தும் பார்த்துவிட்டார்கள். 2004இல் ஏவிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள், தன் கைரோஸ்கோப்புகளின் அச்சு ஆண்டுக்கு 37.2 மில்லி வில்விநாடி திரும்பக் கண்டது. எதிர்பார்த்தது 39.2, அளவீட்டுப் பிழை 7.2.

அடுத்த முறை வரும்போது புதன் கோளின் கணக்கோடு வா. உன் வெக்டர் கோட்பாட்டில் அதன் அண்மைப்புள்ளி நகர்வைப் போட்டுப் பார். நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி வேண்டிய இடத்தில் ஆறில் ஒரு பங்கு, ஏழு சொச்சம்தான் வரும். விடை தெரிந்துவிட்டதே என்று விட்டுவிடாதே. மீதி ஐந்து பங்கு எந்த வரியில் விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்