உருகிய பல்பகுதியங்கள் பாயும் விதம்

பொலித்தீன் பையும் பொலித்தீன் வாளியும் எதிலீன் என்னும் ஒரே ஒருபகுதியத்திலிருந்தே பெறப்படுகின்றன. எனினும் பைக்குரிய மூலப்பொருளால் வாளி வார்க்க முயன்றால் அச்சு முழுமையாக நிரம்பாது போகலாம். உருகிய நிலையில் இரண்டும் ஒரே விதமாகப் பாயாமையே காரணமாகும்.

1. பிசுக்குமை

தயிருக்கு ஊற்றும் பாணி, தண்ணீரைப் போல் விரைந்து ஓடுவதில்லை. பாய்வதற்குப் பாய்மம் காட்டும் எதிர்ப்பே பிசுக்குமை எனப்படும். தண்ணீர் நியூற்றனின் பாய்மமாகும். அதில் கொய்வுத் தகைப்பை இருமடங்காக்கினால் கொய்வு வீதமும் இருமடங்காகும்.

2. பல்பகுதியம் எவ்வாறு வேறுபடுகிறது?

பல்பகுதிய மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கடற்கரையில் சிக்குண்டு கிடக்கும் தங்கூசி நூலை நினைத்துப் பாருங்கள். உருகலை வேகமாகத் தள்ளும்போது சங்கிலிகள் பாயும் திசையில் ஒழுங்காகின்றன, பிசுக்குமை குறைகிறது. இதனை அடுக்கு விதி பின்வருமாறு காட்டும்:

தகைப்பு = மாறிலி × (கொய்வு வீதம்) இன் அடுக்கு

நியூற்றனின் பாய்மத்துக்கு அடுக்கு 1. உருகிய பல்பகுதியத்துக்கு 1 இலும் குறைவு. அடுக்கு 0.5 எனின், தகைப்பை இருமடங்காக்கும்போது வீதம் 4 மடங்காகும்.

3. அளக்கும் முறை

பொலித்தீன் மணிகளை உருளையொன்றில் இட்டு 190 பாகை செல்சியசில் உருக்குவர். மேலே முசலத்தின் மீது 2.16 கி.கி. சுமை வைக்கப்படும். ஏறத்தாழ 2.1 மி.மீ. விட்டமுள்ள துளையினூடாக 10 நிமிடத்தில் வெளிவரும் திணிவு (கிராமில்) உருகற் பாய்ச்சற் சுட்டி ஆகும்.

4. உதாரணம்

மேற்கூறிய நிபந்தனைகளில் 30 செக்கனில் அ என்ற மாதிரி 0.05 கிராமும், ஆ என்ற மாதிரி 0.6 கிராமும் வெளிவந்தன. 10 நிமிடம் = 600 செக்கன்.

அ: 0.05 × 600 ÷ 30 = 1 கிராம் / 10 நிமிடம்
ஆ: 0.6 × 600 ÷ 30 = 12 கிராம் / 10 நிமிடம்

இலகுவாகப் பாயும் ஆ, வாளி வார்க்க உகந்தது. அ இன் சங்கிலிகள் நீளமானவை. ஊதி விரிக்கும்போது அறுந்துவிடாமையால் பைக்கு உகந்தது.

5. மறவாதீர்கள்

வெப்பநிலையும் சுமையும் குறிப்பிடப்படாத சுட்டி பொருளற்றது. குறிப்பிட்டாலும் அது ஒரு சுமையில் பெற்ற ஒரே அளவீடுதான். எனவே சம சுட்டியுடைய இரு பொருள்கள், தொழிற்சாலையில் வேகமாகத் தள்ளப்படும்போது வேறுபட்டுப் பாயலாம். விடையில் அலகையும் நிபந்தனைகளையும் எழுதத் தவறாதீர்கள்.

பயிற்சி: பொலிபுரப்பிலீனை மீண்டும் மீண்டும் உருக்கும்போது அதன் சங்கிலிகள் உடைகின்றன. அதன் பாய்ச்சற் சுட்டி கூடுமா, குறையுமா? காரணம் தருக.

விடை: கூடும். சங்கிலிகள் குறுகுவதால் சிக்கல் குறைந்து பிசுக்குமை குறையும். பொருளின் வலிமையும் குறைவதால், ஒரே பிளாத்திக்கை எல்லையின்றி மீள்சுழற்சி செய்ய முடியாது.