வலிக்கிற கையை மறைக்காதே

கேள்வி: எனக்கு 14 வயது. பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர். எறியும்போது முழங்கை வலிக்கிறது. சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ?
- ஒரு மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, இன்றே கோச்சிடம் சொல்லிவிடு. வளரும் வயதில் எலும்பு முனையில் குருத்தெலும்புதான் இருக்கும்; ஓயாமல் எறிந்தால் முதலில் அங்கேதான் சேதம். அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி உன் வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துதான் உச்சம். 66 எறிந்தாலே 4 நாள் ஓய்வு. அதுவும் வலி இல்லாத கைக்கு! நீ முதலில் எலும்பு மருத்துவரைப் பார்.

நீ உட்கார்ந்தால் இன்னொருவன் பிட்ச் செய்யப் பழகுவான். ஒரே கையை நம்பி நிற்பதை நான் அணி என்றே சொல்லமாட்டேன். கைக்கு ஓய்வு கொடுக்கும் நாட்களில், மருத்துவர் சம்மதித்தால் கடற்கரைச் சாலையில் ஓடு, காலை 7.30 வரை வண்டித் தொல்லை இல்லை. அதற்குமேல் நம்மூர் வெயில் விடாது. தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.