மாடியில் குரங்கு... கையில் கீறல்!

கூழ் வடாம் பிழிந்து மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறீர்கள். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் வேட்டித் துணி மட்டும்தான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, கன்னம் இரண்டும் உப்பிப்போய், உங்களையே பார்க்கிறது ஒரு பெரிய கடுவன். வந்த கோபத்தில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள்...

கொஞ்சம் நில்லுங்கள்! ஆஸ்பத்திரிக்குப் போகும் கதைகளில் பாதி இந்த ஒரு நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய வேளச்சேரி, கோட்டூர்புரம், தரமணி, மலைக்காட்டை ஒட்டிய வண்டலூர், கோவையில் மருதமலை அடிவாரம், மதுரைப் பக்கம் அழகர்கோவில் என்று இந்த இடங்களில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கு ஒரு செய்தியே இல்லை. பால்காரர் மாதிரி வேளை தவறாமல் வரும். உச்சந்தலையில் முடி சுழித்துத் தொப்பி வைத்த மாதிரி இருக்கிறதே, அதுதான் நம்ம ஊர்க் குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

“காட்டை அழிச்சோம், அது வீட்டுக்குள்ள வந்துடுச்சு” என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. இந்தக் குரங்கு காலங்காலமாகவே மனிதர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்து வந்ததுதான். சாலையோர ஆலமரம், கோயில் தோப்பு, குளக்கரை இவைதான் அதற்கு வீடு. சாலையை அகலப்படுத்த ஆலும் அத்தியும் வெட்டப்பட்டன. அந்த இடத்தில் வந்தது நம் குப்பைத்தொட்டி!

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மைசூர்ப் பகுதியில் சாலையோரக் குரங்குகளை 1989-லிருந்து 2015 வரை அவ்வப்போது கணக்கெடுத்தார்கள். சுமார் 25 வருஷத்தில் 65 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017-ல் ஆராய்ச்சி முடிவு வெளியானது. அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இன்று இதற்கும் இடம் உண்டு. ‘எங்க தெருவுல நாற்பது இருக்கே’ என்கிறீர்களா? அதுவும் நிஜம். மற்ற இடத்தில் சாப்பாடு போய்விட்டதால், சாப்பாடு கிடைக்கும் இடத்தில் கூடுகின்றன. உங்கள் தெருவில் நிறைய இருக்கிறது என்றால், உங்கள் தெருவில் யாரோ சாப்பாடு போடுகிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தோ, தெரியாமலோ.

காட்டில் ஒரு குரங்கு பகலில் பெரும்பகுதியைத் தேடலிலேயே கழிக்கும். இங்கே நாலு அத்திப்பழம், அங்கே கொஞ்சம் கொழுந்து, நடுவில் பூச்சி புழு. நம் வீட்டு பிஸ்கட் பாக்கெட் ஒன்று கிடைத்தால் அந்த அலைச்சல் மிச்சம். கன்னத்துக்குள் இருக்கும் பையில் அவசரமாக அடைத்துக்கொண்டு ஓடி, மரத்தில் உட்கார்ந்து நிதானமாக மெல்லும். நல்ல தீனி கிடைத்தால் மந்திகள் சீக்கிரம் சினைப்படும். குட்டிகள் பிழைப்பதும் அதிகமாகும். கூட்டம் பெருகும். போதாக்குறைக்கு, பத்து நாள் கையால் வாங்கித் தின்ற குரங்கு, பதினோராம் நாள் கொடுக்காவிட்டால் பிடுங்கும். பழக்கப்படுத்தியவருக்கு ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடப் பையோடு அடுத்து வருகிற குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்.

“சனிக்கிழமை ஆஞ்சநேயருக்குப் பழம் வைக்கிறது தப்பா டாக்டர்?” என்று ஒரு அம்மா கேட்கலாம். பக்திக்குக் குறுக்கே யாரும் வரவில்லை, அம்மா. ஆனால் அந்த வாழைப்பழத்தையும் கடலையையும் கோயில் வாசலில் பசியோடு இருக்கும் மனிதர்களுக்குக் கொடுங்களேன். ஆஞ்சநேயர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விட்டால் என்ன?’ என்பது அடுத்த கேள்வி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருவதால் நீங்களாகப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது. வனத்துறைதான் செய்ய வேண்டும். அப்படிப் பிடித்து விட்டாலும் அது தீர்வு ஆவதில்லை. காட்டில் தேடித் தின்னப் பழகாத குரங்கு, பக்கத்துக் கிராமத்துக் கொல்லைக்குத்தான் போகும். இங்கே காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும், சாப்பாடு இருக்கிறவரை. இமாச்சலப் பிரதேசத்தில் 2006-07-ல் தொடங்கி லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்தார்கள். அங்கேயும் தொல்லை ஒழிந்துவிடவில்லை. டெல்லியில் 2023-ல் ஜி-20 மாநாடு நடந்தபோது பெரிய கருங்குரங்கு கட்-அவுட்களை வைத்துப் பார்த்தார்கள்! தலைநகரத்துக்கே அந்த நிலைமை.

சிரிப்பு இல்லை, பயம்!

குரங்கின் பாஷை கொஞ்சம் தெரிந்திருந்தால் பாதிக் கடிகளைத் தவிர்க்கலாம். முதலாவது, கண். நாம் மரியாதைக்காகக் கண்ணைப் பார்த்துப் பேசுவோம். குரங்குக்கு அது ‘வா, சண்டைக்கு!’ என்ற அழைப்பு. அதுவும் உங்களை முறைத்து, புருவத்தைத் தூக்கி, காதை மடக்கி, வாயைத் திறந்து காட்டினால் மிரட்டுகிறது என்று பொருள். பெரிய கடுவன் சும்மா கொட்டாவி விடுவது போல் கோரைப் பல்லைக் காட்டுவதும் பல சமயம் எச்சரிக்கைதான்.

இன்னொன்றைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். உதட்டை இழுத்துப் பல் வரிசையைக் காட்டினால், ‘ஐ, சிரிக்குது பாரும்மா!’ என்று குழந்தைகள் கிட்டே போகும். அது சிரிப்பு இல்லை, பயம். தப்பிக்க வழி இல்லாவிட்டால் பயந்த குரங்கு கடிக்கும். குட்டியிடம் கையை நீட்டவே நீட்டாதீர்கள். ஒரு ‘கீச்’ சத்தம் போதும், மொத்தக் கூட்டமும் வந்துவிடும்.

எதிரே வந்துவிட்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, முகத்தை அதன் பக்கமே வைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பின்வாங்குங்கள்! 2007 அக்டோபரில் டெல்லியின் துணை மேயர் வீட்டு மாடியில் குரங்குகளிடமிருந்து தப்பிக்கப் பார்த்து, கீழே விழுந்து இறந்துபோனார். கையில் பை இருந்தால் போட்டுவிடுங்கள். பொருள் போனால் போகட்டும். பிளாஸ்டிக் கவர் சரசரத்தாலே சாப்பாடு என்றுதான் அதற்கு அர்த்தம். அதனால் கடைக்குத் துணிப்பையோடு போவது இந்த விஷயத்திலும் நல்லது.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கப் போகாதீர்கள். அது வந்த ஜன்னலை, இல்லாவிட்டால் வாசல் கதவைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வேறு அறைக்குப் போய்விடுங்கள். வழி கிடைத்தால் தானே போய்விடும். வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் பெரிய செலவும் இல்லை. சமையலறை ஜன்னலுக்குக் கெட்டியான கம்பி வலை, தண்ணீர் டேங்க் மூடிக்குப் பூட்டு, குப்பை வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் குப்பை, கொய்யாவும் மாங்காயும் பழுக்கும் முன்பே பறித்துவிடுவது. வடாமா? கிரில் போட்ட பால்கனியில் காயப் போடுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் காயட்டுமே. ஆனால் நீங்கள் ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் குறைவு. தெருவே சேர்ந்து செய்ய வேண்டும்.

‘சின்னக் கீறல்தானே...’

இவ்வளவும் மீறி நகமோ பல்லோ பட்டுவிட்டது. உடனே பாட்டி சொல்வார், “கொஞ்சம் மஞ்சத்தூள் வெச்சுக் கட்டு, சரியாப் போயிடும்.” பாட்டியிடம் மற்ற எல்லாவற்றுக்கும் கேளுங்கள், இதற்கு மட்டும் வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய், எண்ணெய் எதுவும் கூடாது.

நாய்க்கடியால் மட்டும்தான் ரேபீஸ் வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, வாஸ்தவம். ஆனால் குரங்குக்கும் அந்தக் கிருமி தொற்றலாம், அதன் எச்சிலில் இருக்கலாம். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அறிகுறியே தெரியும். ‘ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே’ என்று தைரியமாக இருப்பது அதனால்தான் ஆபத்து.

முதல் வேலை, குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுவது. சும்மா நனைப்பது இல்லை. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 15 நிமிஷம்! குழந்தை அழும், நீங்களும் பதறுவீர்கள். இருந்தாலும் நிறுத்தாதீர்கள். கிருமியைக் காயத்திலிருந்தே துரத்துகிற வைத்தியம் இது. பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். கட்டுப் போடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘ஞாயிற்றுக்கிழமையாச்சே, நாளைக்குப் போகலாம்’ வேண்டாம்.

டாக்டர் காயத்தைப் பார்த்து வகை பிரிப்பார். தோல் கிழியாமல் தொட்டது, நக்கியது மட்டும் என்றால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சிறு கீறலானாலும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்தால், அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணில் எச்சில் பட்டால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். முதல் நாளே போடுவதுதான் நல்லது. தடுப்பூசி தொடங்கி ஏழு நாளுக்குப் பிறகு அதைப் போடுவதில்லை. டெட்டனஸ் ஊசி, கிருமித்தொற்று ஆகாமலிருக்க மாத்திரை இவற்றையும் அவரே முடிவு செய்வார். ஆழமான காயமானாலும் பெரும்பாலும் உடனே தையல் போட மாட்டார்கள். ‘ஏன் தைக்கலை?’ என்று சண்டை போடாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. தைத்தால் கிருமி உள்ளே ஆழத்துக்குப் போய்விடலாம்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தின் காலம் 2005-க்குள்ளேயே நம் நாட்டில் முடிந்துவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையானால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள். தசையில் போடும் முறையானால் 14-ம் நாளும் சேர்ந்து மொத்தம் ஐந்து. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து, காலண்டரில் மற்ற தேதிகளைச் சுழித்துவிடுங்கள். மூன்றாவது ஊசியோடு ‘போதும்’ என்று நிற்பவர்கள்தான் அதிகம்.

“நாயானா பத்து நாள் பார்த்துட்டு, உயிரோட இருந்தா ஊசியை நிறுத்தலாம்னு சொல்றாங்களே, குரங்குக்கும் அப்படிப் பார்க்கலாமா?” கூடாது. அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். கடித்த குரங்கு அடுத்த நாளே அதே சுவரில் ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தாலும் உங்கள் ஊசிகள் முழுசாகப் போட்டே ஆக வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கைக்குழந்தை யாராக இருந்தாலும் இந்தத் தடுப்பூசிக்குத் தடை இல்லை.