கல்லில் எழுதிய குரு



ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் முடிந்ததும் ஜாப் மேல் நம்ம நம்பரைப் பஞ்ச் அடிக்கிறோம். "இது நான் செஞ்சது" என்று சொல்லத்தானே! இதே ஆசையோடு சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ஈரானில் ஒருவர் பாறையில் தன் பெயரைப் பொறித்து வைத்தார். அவர்தான் கர்திர் என்னும் ஜொராஸ்ட்ரிய மதகுரு.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், சாசானிய மன்னர் முதலாம் ஷாப்பூரிடம் குருவாகப் பணியாற்றிய கர்திர், அடுத்தடுத்து வந்த மன்னர்களிடம் படிப்படியாக உயர்ந்தார். இரண்டாம் பஹ்ராம் காலத்தில் நாடு முழுவதற்கும் தலைமைக் குருவும் நீதிபதியும் ஆனார். மன்னர் அல்லாத ஒருவர் தன் பெயரில் இத்தனை பெரிய கல்வெட்டுகள் வைப்பது அந்நாளில் அபூர்வம். கர்திரோ நாலு இடத்தில் வைத்தார்! நக்‌ஷ்-இ-ரஜப், நக்‌ஷ்-இ-ருஸ்தம், அதன் எதிரிலுள்ள 'காபா-யி-சர்தோஷ்த்' என்ற கல் கோபுரம், சர் மஷ்ஹத் ஆகியவை அவை. ரஜபில் அவர் உருவமும் உண்டு. தாடி இல்லாத முகம், உயரமான தொப்பி, மரியாதைக்காக உயர்த்திய விரல்.

மொழி இடைக்காலப் பாரசீகம். வலமிருந்து இடமாகப் படிக்கணும். இதில் ஒரு வேடிக்கை. 'மல்கா' என்ற அரமேயச் சொல்லை எழுதிவிட்டு, 'ஷா' என்று பாரசீகத்தில் வாசிப்பார்கள். நாம் 'எஃப்.இ.' என்று எழுதி இரும்பு என்று படிக்கிறோமே, அது மாதிரி!

சரி, என்னதான் எழுதினார்? பல அக்கினி ஆலயங்கள் அமைத்தேன் என்கிறார். சொர்க்கம், நரகம் பற்றிய காட்சியையும் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. யூதர், பௌத்தத் துறவிகள், பிராமணர், நாசரேயர், கிறிஸ்தவர், திருமுழுக்குப் பிரிவினர், மானியின் வழி வந்தவர்கள் ஆகியோரை நாட்டில் ஒடுக்கியதாகப் பெருமையோடு பட்டியல் போடுகிறார். மானி என்ற சமய நிறுவனர் 270-களில் முதலாம் பஹ்ராமின் சிறையில்தான் இறந்தார்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். யாரை இல்லாமல் செய்ய நினைத்தாரோ, அவர்களெல்லாம் அந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சியாக நிற்கிறது! அவருடைய மதத்தின் பிற்கால நூல்களோ அவர் பெயரைச் சொல்லவே இல்லை. அவர் எதிர்த்த மானியின் சீடர்கள் எழுதிய ஏடுகளில்தான் அது இருக்கிறது.

நண்பர்களே, பதவி வரும், போகும். நாம் பஞ்ச் அடித்த நம்பர் மட்டும் ஜாப் மேல் நிற்கும். வேலை சரியில்லை என்றால், அந்த நம்பரே நம்மைக் காட்டிக் கொடுக்கும். கர்திரின் கல் எனக்குச் சொன்ன பாடம் இதுதான்.