கப்பலின் வலமும் இடமும்: ஸ்டார்போர்ட், போர்ட் ஆகிய சொற்களும் தமிழாக்கமும்

திறவுச்சொற்கள்: கலைச்சொல், சொற்பிறப்பு, சுக்கான், தமிழாக்கம்

முன்னுரை

வலம், இடம் என்பன நோக்குவோர் நிலைக்கேற்ப மாறுவன. அணியத்தை நோக்கி நிற்பவருக்கு வலமாவது, பின்புறம் நோக்கித் திரும்பியவருக்கு இடமாகும். கடலில் இம்மயக்கம் விபத்திற்கு வழிவகுக்கும். ஆதலின் ஆங்கிலக் கடல்வழக்கு, கலத்தையே அடிப்படையாகக் கொண்டு பக்கங்களைப் பெயரிட்டது. அணியத்தை நோக்கிய நிலையில் வலப்பக்கம் ஸ்டார்போர்ட், இடப்பக்கம் போர்ட். இச்சொற்களின் தோற்றத்தையும், தமிழாக்கத்தில் அவை தோற்றுவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

ஸ்டார்போர்ட் என்பது 'செலுத்தும் பக்கம்' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. விண்மீனைக் குறிக்கும் ஸ்டார் என்பதனோடு அதற்குத் தொடர்பில்லை. பின்புற நடுவில் சுக்கான் அமைவதற்கு முன்னர், வட ஐரோப்பியக் கலங்களில் செலுத்துதுடுப்பு வலப்பக்கத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. நார்வேயில் 1904-1905இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓசபெர்க் கப்பலில் இவ்வமைப்பைக் காணலாம். அத்துடுப்பு சிதையாதிருக்க, இடப்பக்கத்தையே துறையோடு அணைத்தனர் என்பர். சரக்கேற்றும் அப்பக்கம் முன்னர் லார்போர்ட் எனப்பட்டது. அது ஸ்டார்போர்ட்டோடு ஒலியால் மயங்கியமையால், பிரித்தானியக் கடற்படை 1844இலும் அமெரிக்கக் கடற்படை 1846இலும் போர்ட் என்பதை ஏற்றன.

ஆணையும் திசையும்

பழைய வழக்கில் ஆணைச்சொல், கப்பல் திரும்பும் திசையைச் சுட்டவில்லை. சுக்கான்பிடி தள்ளப்படும் பக்கத்தைச் சுட்டியது. பிடி வலப்பக்கம் சென்றால் அணியம் இடப்பக்கம் திரும்பும். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையை எதிர்கொண்டபோது பிறந்த ஸ்டார்போர்ட் ஆணையும் கப்பலை இடப்பக்கம் திருப்புவதற்கே இடப்பட்டது. அதனை 'வலப்பக்கம் திருப்பு' எனத் தமிழாக்குவோர் நிகழ்ச்சியைத் தலைகீழாக்கிவிடுவர். பிரித்தானியாவில் 1933இல்தான் ஆணையும் திசையும் ஒன்றாயின.

நினைவிற்கொள்ளும் முறை

போர்ட், லெஃப்ட் இரண்டும் ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொற்கள் என்பது மாணவர் கைக்கொள்ளும் குறிப்பு. தமிழில் எழுதுங்கால் முன்னது மூன்றெழுத்தாகிவிடுவதால் அக்குறிப்பு பயன்படாது. செலுத்தும் பக்கம் வலம், துறைப்பக்கம் இடம் எனச் சொற்பிறப்பின்வழிக் கற்பதே தமிழ் மாணவர்க்கு எளிது. இரவில் போர்ட் பக்கம் செவ்விளக்கும் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் ஒளிரும். நேரெதிரே வரும் கலத்தின் செவ்விளக்கு நமக்கு வலப்புறமாகத் தோன்றினும், அது அக்கலத்தின் இடப்பக்கமே.

முடிவுரை

இச்சொற்களை வெறும் வலம், இடம் எனப் பெயர்த்தல் போதாது; 'கலத்தின் வலப்பக்கம்', 'கலத்தின் இடப்பக்கம்' என்றே ஆளுதல் வேண்டும். 1933க்கு முற்பட்ட பிரித்தானியக் கடற்குறிப்புகளில் வரும் திருப்பாணைகளைச் 'சுக்கான்பிடி வலம்', 'சுக்கான்பிடி இடம்' எனப் பெயர்ப்பின், மூலத்தின் சொல்லும் கப்பலின் போக்கும் ஒருங்கே காக்கப்படும்.